சுஹைராவின் பத்து நிமிடம்

உள்துறைமுக வீதியில் ஒரு வலைக்கடையின் மேல்மாடியில், பௌர்ணமிப் போயா நாள்தோறும் கூடும் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பிடிவாதமான சட்டம் உண்டு. கதையைப் பரிந்துரைக்க வருகிறவர் பாதி வரைக்கும்தான் சொல்லலாம். மீதி வேண்டுமென்றால் தேடி வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். வாய் தவறிப் பாதியைத் தாண்டியவர் வந்திருக்கும் அத்தனை பேருக்கும் தேநீரும் வடையும் வாங்கித் தர வேண்டும். ஆரம்பத்தில் முழுக்கதையையும் சொல்லித் தீர்த்தார்கள். ஒருவரும் எதையும் வாசிக்கவில்லை. அந்த எரிச்சலில் போட்ட சட்டம் அது.

அந்தச் சட்டத்தை வைத்தே வட்டத்தை ஆட்டிவைத்தவள் சுஹைரா. கிண்ணியாவில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறாள். கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் அவளுடையது. இணைய இதழ்களில் புதுசாக வரும் விஞ்ஞானக் கதைகளையும் மாயக் கதைகளையும் தேடிப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒருமுறை பாஸ்போர்ட் எடுக்க வரிசையில் நின்ற ஜின்னின் கதை. இன்னொருமுறை மழையை மாத வாடகைக்கு விடும் நகரம். ஜின்னின் முறை வரும் நேரம் பார்த்துக் கதையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். அடுத்த போயாவுக்குள் முக்கால்வாசிப் பேர் அதை வாசித்து முடித்திருப்பார்கள். நிலாவெளியில் கரைவலை வைத்திருக்கும் நிக்கலஸ், பாடசாலை விட்ட பிறகு ஒரு புத்தகமும் தொடாத மனிதர், இப்போது அவளுக்கு முன்னமே கதை தேட ஆரம்பித்திருந்தார்.

ஆண்டு நிறைவுக் கூட்டத்துக்கு முதல்நாள் வட்டத்தின் தலைவர் கலீலுர் றஹ்மான் அவளுக்குப் போன் எடுத்தார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவர் எதைச் சொன்னாலும் பாதி உத்தரவாகத்தான் இருக்கும்.

"சுஹைரா, நாளைக்குக் கொழும்பில இருந்து எழுத்தாளர்கள் வாறாங்க. இந்தப் பேய்க்கதை, ரொக்கட் கதை எல்லாம் வேணாம். நம்மட சனம் பட்ட பாட்டைச் சொல்லுற கதை ஒண்டைச் சொல்லுங்க."

"நான் வேற கதை ஒண்டு ஆயத்தப்படுத்திட்டன், சேர்."

"அப்ப அதைச் சொல்லாதீங்க. சொன்னா அந்தப் பத்து நிமிஷம் நாளையோட முடிஞ்சிது. அது சின்னப் பிள்ளைகளுக்குரிய விசயம்."

சுஹைராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டது போதாதென்று, விருந்தாளி வரும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டவும் வேண்டுமாம். நாளையைப் பற்றிக் கற்பனை செய்ய மட்டும் இந்த ஊர்ச் சனத்துக்கு உரிமை இல்லையாம். அடுத்த நூற்றாண்டை யாரோ எழுதட்டும், நாங்கள் அழுதுகொண்டிருப்போமா? கேட்க நினைத்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "சரி சேர், கடல் தொழில் செய்யிற ஆக்கள்ற கதைதான்" என்றாள். அது பொய்யில்லை. கதையை மாற்றுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை மட்டும் கடைசியில் சொல்வாள். இந்தப் பத்து நிமிடம் போவதென்றால், சும்மா போகக் கூடாது.

மறுநாள் மேல்மாடி மண்டபம் நிறைந்திருந்தது. விருந்தினர் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். தலைவர் மேசையருகில் இருந்தார். சுஹைரா எழுந்தாள்.

"கதையிட பேர் 'மிதவைக் கோடு'. போன வருஷம் வந்தது. எழுதினது மட்டக்களப்புப் பிள்ளை ஒண்டு."

அந்தக் கரையில், கடலுக்குள் ஒரு மிதவை வரிசை. அதற்கு அப்பால் படகு போகக் கூடாது. தொழிலுக்குப் போகிறவர்கள் விடியலில் காவலரணில் தங்கள் அனுமதிப் பாஸைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பொழுதுபட முதல் வந்து திருப்பி எடுக்க வேண்டும். ஒருநாள் ஒரு பாஸ் மட்டும் எடுக்கப்படாமல் மேசையில் கிடக்கிறது. நூரா என்கிற பெண் புருசனைத் தேடி வருகிறாள். காவலாளி சொல்கிறான்: கடலில் ஒருவரும் காணாமல் போகவில்லை, அவன் கடலுக்கே போகவில்லை. நூரா அந்தப் பாஸைச் சுட்டிக் காட்டுகிறாள். அது பழைய பாஸ் என்கிறான்.

நிக்கலஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம்," என்றார் தலைவர். யாரிடமும் சொல்லாதவர்போல் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்ட வாப்பாட பாஸும் அப்பிடித்தான் கிடந்தது. நாலு நாள் உம்மாவோட போய் நிண்டனான். அவர் போகவே இல்ல எண்டு சொன்னாங்க." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விருந்தினரிடம் திரும்பினார். "இதுதான் கதை. நான் கேட்டது இதைத்தான்."

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவர் தன் வாப்பாவைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. இத்தோடு நிறுத்தி உட்கார்ந்துவிடலாம் என்று சுஹைராவுக்கு ஒரு கணம் தோன்றியது. உட்கார்ந்தால் பத்து நிமிடம் தப்பும். அதில் இனி என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவர் தீர்மானிப்பார்.

"நூரா பாஸைப் பறிச்சுக்கொண்டு ஓடிப்போய்ப் புருசன்ட தம்பிட படகைத் தள்ளுறாள்," என்றாள். "மிதவைக் கோட்டுக்குக் கிட்டப் போறாள். காவலரண் வெளிச்சம் அவள்ல விழுது. பாதி முடிஞ்சிது. இன்னும் ஒண்டு சொல்ல வேணும். அந்தக் கடல்ல தண்ணி இல்ல, திரவ மீதேன். அது சனிக் கிரகத்துட நிலா ஒண்டு. ஆண்டு இரண்டாயிரத்து இருநூற்றித் தொண்ணூறு."

கொழும்பு விருந்தினர் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, தலைவரின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அந்த முகம் சிவந்திருந்தது.

"என்ட வாப்பாவை வெச்சு விளையாடுறீங்களா?"

"இல்ல சேர். உங்கட வாப்பாட விசயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களிட்டத் தனிய வந்து சொல்லியிருப்பன்." அவள் குரல் தணியவில்லை. "ஆனா கதையில ஒரு சொல்லையும் நான் மாத்தேல்ல. அவரை அங்க கண்டது நீங்கதான். எத்தனையோ நெசக் கதை இந்த மண்டபத்தில சொல்லியிருக்கம். ஒண்டுலயும் நீங்க அவரைப் பற்றிக் கதைச்சதில்ல. ரொக்கட் கதையிலதான் அவர் வந்தார்."

"அந்தப் பத்து நிமிஷம் இண்டையோட முடிஞ்சிது," என்றார் தலைவர். கூட்டத்தையும் அதோடு முடித்தார்.

தேநீர் வந்தது. ஒருவரும் அவளுக்கு எதிராகவும் பேசவில்லை, அவளுக்காகவும் பேசவில்லை. நிக்கலஸ் மட்டும் கோப்பையோடு கிட்ட வந்தார்.

"தங்கச்சி, நூரா அந்த மிதவைக் கோட்டைத் தாண்டினவளோ?"

"வாசிச்சுப் பாருங்கோ அண்ணை."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அடுத்த போயாவுக்கு பஸ் நிலையத்திலாவது நின்று கதை சொல்வேன், பார்ப்போம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே இறங்கினாள். பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கலீலுர் றஹ்மான் கைப்பிடியைப் பிடித்தபடி மேல்படியில் நின்றார். மூச்சு வாங்கியது.

"சுஹைரா. அவர் கிடைச்சாரா? நூராட புருசன்."

மேலே இருந்து அவளைப் பார்த்துக் கேட்ட அந்த மனிதர் அதிபரில்லை. காவலரணுக்கு முன்னால் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பொடியன். சொல்லிவிடலாம் என்று சுஹைரா வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று நினைத்தாள். இரகசியமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனால், நாளைக்கும் இது சின்னப் பிள்ளைகளுக்குரிய விசயமாகத்தான் இருக்கும்.

"உள்ளுக்க போய் எல்லாருக்கும் முன்னால கேளுங்க, சேர். பத்து நிமிஷத்தை அங்கதானே நிப்பாட்டினீங்க."

அவர் கைப்பிடியை விட்டார். பிறகு திரும்பிப் போனார். சுஹைரா பின்னாலேயே ஏறி வந்து வாசலில் நின்றாள். தலைவர் மேசையை இரண்டுமுறை தட்டினார். கோப்பைச் சத்தங்கள் அடங்கின.

"அந்தக் கதையை எல்லாரும் வாசிச்சிட்டு வாங்க," என்றார். "நானும் வாசிக்கிறன். அடுத்த போயாவுக்கு அதைப் பற்றிக் கதைப்பம். சுஹைராட பத்து நிமிஷம் இருக்கும்."

"பதினைஞ்சு," என்றாள் சுஹைரா.