மின்விசிறி நிற்கவில்லை

மின் பாதுகாப்பை ஆய்வு செய்ய வந்த பொறியாளர் அபிநயா, மெயின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னப் பொத்தானை அழுத்தினார். டக் என்று சத்தம் வந்தது. பக்கத்திலிருந்த கறுப்பு நெம்புகோல் கீழே விழுந்தது. ஆனால் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

நாங்கள் நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தோம். பொறியாளர், வயரிங் வேலை செய்த ராசாங்கம், வாடகைக்கு இருந்துகொண்டு இங்கே குழந்தைகள் காப்பகம் தொடங்கப்போகும் தென்றல், வீட்டுக்காரனான நான். அது மூன்றாம் எண் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிற்க வேண்டும். அந்த நெம்புகோல் விழுந்தால் வீடு முழுக்க மின்சாரம் போக வேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது.

அதை டிரிப்பர் என்று சொல்வார்கள். நான் இயற்பியல் ஆசிரியர். இருபத்தெட்டு வருடமாக அது வேலை செய்யும் விதத்தை ஒரே மாதிரிதான் சொல்லிக் கொடுக்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போகிறோம். கோயிலுக்குள் போகும்போது நாற்பது தலை எண்ணுகிறோம். வெளியே வரும்போதும் எண்ணுகிறோம். முப்பத்தொன்பது என்றால் பஸ் கிளம்பாது. டிரிப்பரும் அப்படித்தான். ஒரு வயர் வழியாக உள்ளே போன மின்சாரம் முழுவதும் அடுத்த வயர் வழியாகத் திரும்பி வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், குறைந்தது வேறு எங்கோ போகிறது என்று அர்த்தம். சுவர் வழியாகப் போகலாம், ஆள் வழியாகவும் போகலாம். எந்த வழி என்று விசாரித்துக்கொண்டிருக்காது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

"இது எதுக்கு இருக்கு, கொலு பொம்மையா?" என்றார் அபிநயா. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். டிரிப்பரிலிருந்து வீட்டுக்குப் போக வேண்டிய இரண்டு வயர்களும் அதில் இல்லை. அவற்றைக் கழற்றி, தெருவிலிருந்து மின்சாரம் வரும் பக்கத்திலேயே சேர்த்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டிரிப்பர் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"யாரு செஞ்சது?"

"நான்தாங்க மேடம்," என்றார் ராசாங்கம்.

"ஏன்?"

"அடிக்கடி விழுந்துச்சுங்க."

"விழுந்தா ஏன் விழுதுன்னு பாக்கணும். நாய் குரைக்குதுன்னு அது வாயக் கட்டிட்டுத் தூங்குவீங்களா? இங்க புள்ளைங்க காப்பகம் வரப்போவுது. உங்க லைசென்ஸ் புக்கக் குடுங்க."

ராசாங்கம் சட்டைப் பைக்குள்ளிருந்து பாலித்தீன் உறையில் போட்டிருந்த சிறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அபிநயா அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆய்வுத் தாளில் 'தகுதியில்லை' என்று எழுதினார். பத்து நாளில் சரிசெய்து மறு ஆய்வுக்குக் கூப்பிட வேண்டும். வயர்மேன் மீது தனியாக அறிக்கை போகும், லைசென்ஸை நிறுத்திவைக்கச் சொல்லித்தான் எழுதப்போகிறேன் என்றார்.

ராசாங்கம் என்னைப் பார்க்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைச் செய்யச் சொன்னது நான்.

இது பெரம்பலூரில் துறையூர் சாலைப் பக்கம் உள்ள எங்கள் வீடு. போன வருடம் எனக்கு அரியலூர் பள்ளிக்கு மாறுதல் வந்ததும், நானும் என் மனைவி சுந்தராம்பாளும் அங்கே குடிபோய், அக்டோபரில் இந்த வீட்டைத் தென்றலுக்கு விட்டோம். நவம்பரில் சுந்தராம்பாளுக்குச் சிறுநீரகம் மோசமாகி, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாலாம் நாள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ராசாங்கம் போன் செய்தார். மழை பெய்தால் வீட்டில் டிரிப்பர் விழுகிறது, லீக் எங்கே என்று பார்க்க இரண்டு நாள் ஆகும், தென்றல் இருட்டில் இருக்கிறார் என்றார்.

"அதத் தூக்கிட்டு நேராக் குடுத்துடு."

"சார், நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

அப்போது நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு ஒரு வாரம். திருச்சிக்கு இரண்டு பேர் போனோம். நான் திரும்பி வந்தேன். டிரிப்பர் விஷயம் நினைவிலேயே இல்லை. பல விஷயங்கள் நினைவில் இல்லை. பள்ளிக்குப் போகிறேன், பாடம் நடத்துகிறேன், மணி அடித்தால் நிறுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லீக்கைத் தேடுவதற்காகப் பெரம்பலூர் போனேன். ராசாங்கம் எறையூரிலிருந்து டிவிஎஸ்ஸில் எனக்கு முன்பே வந்து, மெயினை நிறுத்திவைத்திருந்தார்.

"அந்த இன்ஜினியர் பொண்ணுகிட்ட நீ ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? நீங்க சொன்னீங்கன்னா? அன்னிக்கு நீங்க இருந்த இருப்புக்கு, வூட்டக் கொளுத்துன்னாலும் சொல்லியிருப்பீங்க. முறுக்குனது என் கையி சார்."

"புக்கு இல்லாம என்ன பண்ணுவ?"

"ஒண்ணாந்தேதி சிமெண்ட் ஆலையில காண்ட்ராக்ட் வேலை. புக்கு ஒரிஜினல் காட்டுனாத்தான் கேட்ல உள்ள விடுவான்." கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தார். "இல்லன்னா எம் பொண்டாட்டி மிக்சிய ரிப்பேர் பண்ணிகிட்டுக் கெடக்கவேண்டியதுதான். அதுக்கு அவ புக்குக் கேக்க மாட்டா."

சோதனைக்கு மெகர் என்று ஒரு கருவி உண்டு. சைக்கிள் டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும் அல்லவா? மெகரும் அதைத்தான் செய்கிறது. வயருக்குள் ஐந்நூறு வோல்ட் அழுத்தம் கொடுத்து, மேலுறை எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கிறது. ஒவ்வொரு லைனாகப் பிரித்து வைத்தோம். கூடம், சமையலறை, மோட்டார் எல்லாம் நன்றாக இருந்தன. பின்பக்க விளக்கு லைனில் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கசிவு அங்கேதான்.

பின்பக்கம் போனோம். சுவரிலிருந்து ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் விளக்கு. அந்தக் குழாயில் ஒரு முனையையும் முருங்கை மரத்தில் மறு முனையையும் கட்டி, துணி காயப்போட இரும்புக் கம்பிக் கொடி. காற்றில் துணி ஆட ஆட, கொடி குழாயை இழுத்திருக்கிறது. குழாய் ஆட ஆட, அதன் விளிம்பு உள்ளேயிருக்கும் வயரை அறுத்திருக்கிறது. ராசாங்கம் வயரை வெளியே இழுத்துக் காட்டினார். அரை விரல் நீளத்துக்குச் செம்பு தெரிந்தது.

இப்போது எல்லாம் பொருந்தியது. விளக்கைப் போட்டால் குழாயில் மின்சாரம், குழாயிலிருந்து கொடியில், கொடியிலிருந்து மரத்தில். வெயில் காலத்தில் மரம் அதிகம் கடத்தாது. மழையில் நனைந்தால் நன்றாகவே கடத்தும். நாங்கள் இங்கே இருந்தபோது வயர் இவ்வளவு அறுந்திருக்காது, மழையிலும் டிரிப்பர் விழுந்ததில்லை; இப்போது செம்பே தெரிகிறது. அதனால்தான் மழை நாளில் டிரிப்பர் விழுந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நான் இதையெல்லாம் ராசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவருக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

தென்றல் டீ கொண்டுவந்தார். அறுந்த வயரைப் பார்த்தார்.

"அதானா? வெள்ளன எந்திரிச்சு துணி போடறப்ப கை விறுவிறுங்கும் சார். செருப்பு போட்டுகிட்டா ஒண்ணும் பண்ணாது. இந்தா, கொடிக்குன்னே ஒரு ஜோடி வச்சிருக்கேன்." வாசற்படியோரம் நீல ரப்பர் செருப்பு கிடந்தது.

"அடப்பாவி அக்கா, சொல்ல வேணாமா?" என்றார் ராசாங்கம்.

"லேசாத்தானே இருந்துச்சுன்னு வுட்டுட்டேன்."

லேசாகத்தான் இருக்கும். டிரிப்பர் விழுவதற்கு முப்பது மில்லி ஆம்பியர் கசிய வேண்டும். ஈரக் கையோடு வெறுங்காலில் நிற்பவரின் வழியாக இரண்டு மூன்று போனால் டிரிப்பர் கண்டுகொள்ளாது. விரல் விறுவிறுக்கும், அவ்வளவுதான். தரையும் ஆளும் முழுக்க நனைந்திருந்தால் கணக்கு வேறு.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்தக் கொடியைக் கட்டியது சுந்தராம்பாள். நாங்கள் இங்கே இருந்த கடைசி இரண்டு வருடமும், காலை ஐந்தரை மணிக்குப் பின்பக்க விளக்கைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு அவள் அதில் துணி காயப்போட்டாள். அந்த இரண்டு வருடமும் சொன்னாள்.

"கைவிரலெல்லாம் விறுவிறுங்குதுங்க."

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. நான் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினேன். இது நரம்பு, இது அதன் மேலுறை, சர்க்கரை அதிகமானால் இந்த மேலுறை கெடும், அதனால்தான் விறுவிறுப்பு. தெளிவான படம். அவள் பொறுமையாகக் கேட்டாள். டாக்டரும் அதையே சொல்லி மாத்திரை எழுதினார். எப்போது விறுவிறுக்கிறது என்று நான் கேட்கவில்லை. அரியலூருக்குப் போன பிறகு, "இப்ப கை தேவலங்க" என்றாள். மாத்திரை வேலை செய்கிறது என்று சொன்னேன்.

அவள் சிறுநீரகத்தால்தான் இறந்தாள். கொடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

"என்னா சார்?" என்றார் ராசாங்கம்.

"ஒண்ணுமில்ல. கொடிய அறுத்துடு."

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு, அபிநயாவின் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பக்கக் கடிதம். டிரிப்பரைத் தவிர்த்து இணைப்புக் கொடுக்கும்படி உத்தரவிட்டவன் வீட்டு உரிமையாளனாகிய நானே. அதன் அபாயம் எனக்கு முழுமையாகத் தெரியும். லீக்கைத் தேட வேண்டும் என்று வயர்மேன் ராசாங்கம் என்னிடம் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன்.

அபிநயா இரண்டு முறை படித்தார்.

"பிசிக்ஸ் வாத்தியார்னு சொன்னாங்க."

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா சார் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

ஏன் என்று கேட்பார் என நினைத்தேன். திருச்சியையும் நாற்காலியையும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் கேட்கவில்லை.

"நீங்க சொன்னாலும் அவரு செஞ்சிருக்கக் கூடாது. லைசென்ஸ் எதுக்குக் குடுக்கறோம்? வீட்டுக்காரரு சொல்றப்ப முடியாதுங்கறதுக்குத்தான்." கடிதத்தைக் கோப்பில் செருகினார். "ஆனா லீக் இருக்குன்னு அவரு சொல்லியிருக்காரு. அதையும் சேத்து எழுதறேன்."

மறு ஆய்வு அடுத்த புதன்கிழமை நடந்தது. பின்பக்கத்துக்குப் புது வயர் இழுத்து, குழாய்க்கு எர்த் கொடுத்து, டிரிப்பரை முறைப்படி இணைத்திருந்தோம். அபிநயா பொத்தானை அழுத்தினார். டக். மின்விசிறி வேகம் குறைந்து, இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, கடைசியில் நின்றது. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாகி நான் கேட்டதில்லை.

அபிநயா தாளில் கையெழுத்துப் போட்டுத் தென்றலிடம் கொடுத்தார். பிறகு தன் பையிலிருந்து பாலித்தீன் உறையை எடுத்து ராசாங்கத்திடம் நீட்டினார். லைசென்ஸை நிறுத்தவில்லை, எச்சரிக்கை மட்டும் பதிவு செய்திருக்கிறது, அடுத்த முறை மன்னிப்பு இல்லை என்றார். ராசாங்கம் பக்கத்தைப் புரட்டினார். சிவப்பு மையில் நாலு வரி.

"பரவால்ல," என்றார், அபிநயா போன பிறகு. "எம் பத்தாவது மார்க் சீட்ல இதவிட செவப்பு."

எனக்குச் சிரிப்பு வர வேண்டும். அது தெரிந்தது, வரவில்லை. அவர் தோளில் கை வைத்துவிட்டு எடுத்தேன்.

தென்றலுக்கு இரண்டு கல்தூணுக்கு நடுவே நைலான் கயிறு கட்டிக் கொடுத்தோம். பழைய கொடிக் கம்பியைச் சுருட்டி, நடுவில் இரண்டு இடத்தில் முடிந்து, எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரியலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கம்பியை மடியில் வைத்துக்கொண்டேன். துரு கையில் ஒட்டியது.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே பார்த்தார்.

"என்ன சார் கம்பியெல்லாம்? யாரையாச்சும் குத்திடப்போவுது."

"கொடிக் கம்பிங்க."

"இப்பல்லாம் யாரு சார் கம்பி கட்டுறா? கயிறு நாப்பது ரூபா."

"வீட்ல கட்டியிருந்தாங்க," என்றேன்.

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விரல்களில் ஒன்றும் தெரியவில்லை.