மதிய வெளிச்சம், ஒரு கரண்டி

மூடியைத் திறந்தபோது வெளிச்சம் கெட்டியாக உறைந்திருந்தது. கரண்டியை நடுவில் குத்தினால் சாயாமல் நின்றது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று வாளியை அடுப்போரம் வைத்திருந்தேன், அதனால் அப்படி.

மழைக்காலத்தில் எங்கள் எஸ்டேட்டுக்கு வெயில் வராது. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மதிய வெளிச்சத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு கரண்டி மிச்சம் வைத்து உறை ஊற்றினால் மறுநாளைக்கு ஆகும்.

என் அக்கா ஜெசிந்தா மழை தொடங்கியதிலிருந்து தரையோடு கிடந்தாள். நான்கு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. போன வருடம் நேர்மாறு. விட்டத்துக்கு ஏறியவள் தூங்காமல் பேசிக்கொண்டே அங்கேயே இருந்தாள். தொரட்டியில் கட்டித்தான் சோறு கொடுத்தோம்.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: "மாத்திரையை நிறுத்தாதீங்க. வெளிச்சம் மதியம் மட்டும், முகத்துக்கு நேரா, கொஞ்சம் கொஞ்சமா. அவசரப்பட்டா மறுபடியும் ஏறிடுவாங்க. இந்தத் தடவை ஓடு தாங்காது."

உறை வாங்க வந்த பக்கத்து வீட்டுப் புஷ்பம் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பாறையாட்டம் இருக்கு? இதக் காட்டினா அக்கா ஓட்டப் பிச்சுக்கிட்டுப் போயிரும்."

"காட்டலைன்னா?"

புஷ்பம் குனிந்து பார்த்தாள். அக்காவின் ஒரு காது ஏற்கெனவே சிமெண்டுக்குள் போயிருந்தது.

"அப்ப நகத்தளவு எடுங்க," என்றாள்.

கரண்டி நுனியால் சுரண்டி எடுத்து அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மழையின் சத்தம் நின்றது, மழை நிற்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தபடி இறங்கியது. எதிர்ச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டு எங்கள் சன்னலைப் பார்த்து நின்றார்கள். புஷ்பம் செருப்பைக் கழற்றினாள்.

அக்காவின் காது தரையிலிருந்து வெளியே வந்தது. பிறகு தோள். எழுந்து உட்கார்ந்தாள், நின்றாள். குதிகால்கள் உயர்ந்தன. கட்டைவிரல்களும் தரையை விட்டன.

"ஏ ஜெசிந்தாக்கா, போதும் தாயி," என்று புஷ்பம் அவள் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் கரண்டியை வாளிக்குள் போட்டு மூடினேன்.

அக்கா சிறிது நேரம் அந்தரத்தில் யோசித்தாள். பின் இரண்டு பாதங்களும் மெதுவாகத் தரையில் பதிந்தன.

"பசிக்குது," என்றாள். "நீ சாப்பிட்டியாடா?"

அவள் காலடியில் நிழல் விழுந்திருந்தது. இத்தனை மாத மழையில் ஊறிக் கனத்திருந்தது. அக்கா அதை வாரி எடுத்து, வாசலில் நின்று முறுக்கிப் பிழிந்தாள். உதறித் தாழ்வாரக் கொடியில் போட்டாள். புஷ்பம் அங்கே காய்ந்துகொண்டிருந்த தன் துண்டைச் சற்றுத் தள்ளிவிட்டாள்.