நடுத்தூண்

சவப்பெட்டி சுழல்படியின் இரண்டாவது வளைவிலேயே சிக்கிக்கொண்டது. தூக்கி வந்த நால்வரும் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கல்சுவரோடு ஒட்டி நின்று மூச்சு வாங்கினார்கள். மேலே கூடத்தில், விடிகாலையில் செத்துப்போன ஃபெர்னான், கோட்டும் காலணியுமாகக் கிடந்தார்.

பெட்டியை ஒருவழியாக உருவிக் கீழே வைத்துவிட்டு நால்வரில் மூத்தவர் மேலே வந்து இறந்தவரின் மகள் ழிஸ்லேனிடம் சொன்னார். "மேடம், படி வழியா நடக்காது. ஜன்னல் நடுவுல நிக்குற கல்தூணை எடுத்துட்டா கயித்துல கட்டி இறக்கிடலாம். கொத்தனார் அடுத்த வாரமே திரும்ப நிறுத்திடுவாரு."

"எடுத்துடுங்க," என்றான் அவள் தம்பி தியெரி.

"யாரும் தொடக்கூடாது," என்றாள் ழிஸ்லேன்.

ஃபிஜாக் ஊரில் அப்படியொரு தூண் வேறு வீட்டில் இல்லை என்பார் அப்பா. எழுநூறு வருஷத்துக் கல், உச்சியில் செதுக்கிய திராட்சைக்கொடி. யாரோ செங்கல் வைத்து மூடியிருந்ததை ஒரு கோடை முழுக்கச் சுரண்டி வெளியே கொண்டுவந்தவர் அவர்தான். புகை படியும் என்று எந்தக் குளிரிலும் கூடத்தில் அடுப்பு மூட்ட விட்டதில்லை. அம்மா இடுப்பு ஒடிந்து இதே கூடத்தில் கிடந்த அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த தீயணைப்புக்காரர்களும் தூணை எடுக்கத்தான் கேட்டார்கள். அப்பா ஜன்னலை மறித்து நின்றார். அம்மாவைச் சமையலறை நாற்காலியில் கட்டிப் படி வழியாக இறக்கினார்கள். வளைவுக்கு வளைவு அலறினாள். "படி விளிம்பு பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனார் அப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா திரும்பவில்லை.

"போய் நாற்காலியை எடுத்துட்டு வா," என்றாள் ழிஸ்லேன்.

தியெரிக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாங்க்கா. செத்த மனுஷனுக்கு என்ன தெரியப்போகுது?"

"தெரியாதே. அதுதான்டா என் வயித்தெரிச்சல்."

உடம்பு விறைத்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துக் கட்ட, முழங்காலை அழுத்தித்தான் மடக்க வேண்டியிருந்தது, சத்தம் கேட்டது. தியெரி வெளியே போய்விட்டான். முதல் வளைவில் தலை சுவரில் மோதியது.

"மன்னிச்சுடுங்க, மேடம்."

"பரவாயில்லை, போங்க."

அடுத்த வளைவில் மறுபடியும் மோதியது. அவள் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் பெட்டிக்குள் கிடத்தி மூடி, வண்டியில் ஏற்றினார்கள். தெருவில் சுற்றுலாக் கூட்டம் ஒன்று வீட்டை அண்ணாந்து பார்த்து நின்றது. கேமராவைத் தூக்கிய ஒரு பெண், கொஞ்சம் விலகும்படி ழிஸ்லேனுக்குக் கையசைத்தாள்.

அவள் விலகி நின்றாள்.