குப்பை ஆலைக் கூட்டத்தில் அக்கா பேசியது

இது எத்தனையாவது கூட்டம் என்பது மைக்செட்டுக்கே மறந்துபோயிருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஸ்பீக்கர் வாடகைக்கு விட ஆரம்பித்த நாளிலிருந்து தெருவுக்கே அவன் மைக்செட்டு. குப்பை எரிக்கும் ஆலை வேண்டும் என்கிற கூட்டத்துக்கும் அவன்தான், வேண்டாம் என்கிற கூட்டத்துக்கும் அவன்தான். "ஊரு ரெண்டுபட்டா மைக்செட்டுக்குக் கொண்டாட்டம்" என்று டீக்கடையில் சீண்டுவார்கள். கொண்டாட்டமாவது மண்ணாங்கட்டியாவது. புகைபோக்கி எவ்வளவு உயரம், சாம்பலை எங்கே கொட்டுவார்கள், வடிகட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

ஆலையை அவனுடைய தெருமுனைக் காலிமனையில் கட்டுவதாகத் திட்டம். கட்டினால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அணையாமல் புகைந்துகொண்டிருக்கிற குப்பைமேட்டை மூடிவிடுவார்கள். அந்த மேட்டை ஒட்டித்தான் அவன் அக்காவின் வீடு. அவள் மகளுக்கு மூச்சிழுப்பு. காற்று திரும்புகிற நாட்களில் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவியபடியே பொழுதை விடியவைப்பாள். இந்தப் பக்கம் அவன் மனைவியோ, "நம்ம வாசல்ல புகைபோக்கியை நட்டா நாளைக்கு நம்ம பொண்ணும் அப்படித்தானே இழுப்பா?" என்கிறாள். அதுவும் பொய்யில்லை. இருவர் சொல்வதும் நியாயமாகப் பட்டதால் அவன் வாயைத் திறக்காமல் தன் வேலையைப் பார்த்தான். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது அங்கும் இங்கும் ஓடிப்பார்க்கத் தெம்பிருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் நடந்தது கடைசிக் கூட்டம். நகராட்சி அதிகாரி வந்திருந்தார். தெருக்காரர்கள் கைதூக்கிச் சொல்வதை அவர் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது. மேடைக்குப் பின்னால் பேனர் தொங்கியது: 'நம் குழந்தைகளின் மூச்சைக் காப்போம்!' தெருச் சங்கத் தலைவர் பேசினார், பல் டாக்டர் பேசினார், பேசியவர்களே மறுபடியும் வந்து பேசினார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான். வாய்க்காலுக்கு அப்பால் வந்திருக்கிற காய்ச்சலை விட்டுவிட்டு, இங்கே வரப்போகிற காய்ச்சலைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள்.

கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கூட்டம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னதே மைக்செட்டுதான். வந்து பேசுவாள் என்று நினைக்கவில்லை. "வேற யாராச்சும் பேசறீங்களா?" என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டதும், அவள் விடுவிடுவென்று நடந்துவந்து மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கேன். ஆலை நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. கெட்டதாவே இருக்கட்டும். ஆனா உங்க வீட்டுக் குப்பை தினமும் எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் எரியுது. பேனர்ல 'நம் குழந்தைகள்'னு போட்டிருக்கீங்க. அந்த 'நம்'முல என் பொண்ணு இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இதப் பாரும்மா, இது இந்தத் தெருக்காரங்க கூட்டம். வெளியாளுங்க பேசக் கூடாது."

"ரெண்டு நிமிஷம் சார். அவ மூச்சுவிட முடியாம..."

தலைவர் மைக்செட்டைப் பார்த்து, சத்தத்தைக் குறை என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். முன்வரிசையில் மகளை மடியில் வைத்திருந்த மனைவியும் அவனைத்தான் பார்த்தாள்.

அவன் வால்யூமைக் குறைத்தான். யாரும் அவனை மிரட்டவில்லை. களைப்பாக இருந்தது, சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது, அவ்வளவுதான். இதற்குப் போயா என்று அவனுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனால் கை திரும்ப மேலே போகவில்லை.

அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரிசைக்கே கேட்கவில்லை. மைக்கைத் தட்டிப்பார்த்தாள். பிறகு, தப்பு தன்னுடையது என்பதுபோல் கூட்டத்தைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆலை வேண்டாம் என்று கைகள் உயர்ந்தன. "சரி, இதோட முடிஞ்சுது. இனி கூட்டம் கிடையாது" என்றார் அதிகாரி. கைதட்டினார்கள். மைக்செட்டு கைதூக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஸ்பீக்கரை வண்டியில் ஏற்ற வெளியே வந்தபோது, அக்கா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"ஏன்டா, வயர் ஏதாச்சும் விட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அதானே பாத்தேன். நீ இருக்கும்போது வேற எப்படி மைக் நிக்கும்?"

பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "அடுத்த கூட்டத்துக்கு நல்ல வயரா பாத்துப் போடுடா. இன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன்."

"சரிக்கா" என்றான். அடுத்த கூட்டம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.