பதினெட்டு மார்க் டாக்டர்

சபினோவின் மதிப்பெண் பட்டியலை அச்சடித்த இயந்திரத்துக்கே அலுத்துப்போயிருக்கும். பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது, மறுபடியும் பதினெட்டு. முப்பதுக்குப் பதினெட்டு என்றால் தேர்ச்சி, பதினேழு என்றால் வீட்டுக்குப் போ. இத்தாலியில், பாரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார், கேட்டு முடித்து மதிப்பெண்ணைச் சொல்வார். பிடிக்கவில்லையென்றால், "வேண்டாம் சார், அடுத்த தடவை வர்றேன்" என்று எழுந்து போக மாணவனுக்கு உரிமை உண்டு. ரோஷமுள்ள பிள்ளைகள் இருபத்தாறையே வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போவார்கள். நம் ஆள் ஒருமுறைகூடத் தள்ளியதில்லை. பேராசிரியர் 'பதினெட்டு' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருப்பான்.

எப்படியோ பட்டம் வந்தது. பட்டம் வாங்கியவனெல்லாம் அந்த நாட்டில் டாக்டர். காபி கடைக்காரன் முதல் சவரக்கடைக்காரன் வரை அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டரோ ஆந்த்ரியா ஊரில் அப்பா நுன்சியோவின் பட்டறையில், ரப்பர் பூட்ஸும் வெள்ளைத் தொப்பியுமாக, கொதிக்கிற தண்ணீரில் கையை விட்டு சீஸ் இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த சீஸைப் பைபோலச் செய்து, உள்ளே பாலாடையை அடைத்து, வாயைக் கட்டினால் புர்ராத்தா. ஒரு நாளைக்கு எண்ணூறு.

இருபத்தொன்பது வயதில் அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. மிலானில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும், அதன்பின் உலர்ந்த கையோடு ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். போன வருஷம் இரண்டு கல்லூரிகள் அந்தப் பதினெட்டுகளைப் பார்த்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டன. இந்த முறை ஆலோசகர் ஒருத்தியைப் பிடித்தான். பெயர் லுதோவிகா. இதுபோன்ற கேடுகெட்ட பட்டியல்களுக்குப் பவுடர் பூசுவதுதான் அவள் தொழில். கணினித் திரையில் வந்தாள், பட்டியலைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"மார்க் கம்மியா இருக்கறது ஒரு விஷயமே இல்ல சபினோ. காரணம் கனமா இருக்கணும். சொல்லுங்க, ஏன் இப்படி?"

"விடியக்காலை மூணு மணிக்கு எந்திரிச்சுப் பட்டறைக்குப் போவேன் மேடம். பரீட்சை அன்னைக்கும் அப்படித்தான். அப்பா வேனை யுனிவர்சிட்டி வாசல்லயே நிறுத்திட்டு நிப்பாரு. பால் காத்துக்கிட்டு இருக்காதுல்ல…"

"ஐயோ, வேண்டாம். இதைக் கட்டுரையில எழுதினா படிக்கறப்பவே பால் வாடை அடிக்கும். உங்க வீட்ல யாரும் சாகலையா?"

"ஒரு நாய் செத்துச்சு."

"நாயை வச்சு இத்தனை பதினெட்டுக்குப் பதில் சொல்ல முடியாது. அப்பா எப்படி?"

"நல்லா இருக்காரு."

"அதான் பிரச்சினை" என்றாள் லுதோவிகா.

அடுத்த வாரம் லுதோவிகா எழுதிக்கொடுத்த நானூறு வார்த்தை விண்ணப்பக் கட்டுரையில் நுன்சியோ காலமானார். மகன் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது திடீர் மாரடைப்பு. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பட்டறையைத் தனியாளாகத் தாங்கினான் பிள்ளை. அதைப் படித்துவிட்டு சபினோ அழுதேவிட்டான். அத்தனை நல்ல எழுத்து. கெட்டது விலக மேஜையின் இரும்புக் காலை ஒருமுறை தொட்டுவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினான். செத்துப்போன மனிதர் பக்கத்து அறையில் உப்பு பத்தவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பயல் தலைகால் புரியாமல் ஆடினான். அப்பா அவனைவிட ஆடினார்.

"நானும் வர்றேன்டா. வேன்லயே போயிடலாம்."

"எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம்…"

"வெறுங்கையை வீசிக்கிட்டு யாராச்சும் ஒரு பெரிய மனுஷியைப் பார்க்கப் போவாங்களா? இருபது புர்ராத்தா எடுத்து வைக்கிறேன். லஞ்சம் இல்லடா, மரியாதை!"

வராதே என்பதற்கு என்ன காரணம் சொல்வான்? நீங்கள் செத்துவிட்டீர்கள் என்றா? எதிர்த்த காபி கடையை விட்டு நகரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, மிலானில் கல்லூரிப் படியேறினான்.

பேராசிரியை கிஸ்லாந்தி நரைத்த தலையும் நிதானமான பேச்சுமாக இருந்தார். கட்டுரை அவர் முன்னால் விரித்துக் கிடந்தது. சில வரிகளில் பென்சில் கோடுகூட இருந்தது.

"மனசைத் தொட்டுருச்சு. உங்கப்பா இன்னைக்கு இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

சபினோ தலையைக் குனிந்து சோகத்துக்குத் தயாரானான். கதவு திறந்தது. தெர்மாகோல் பெட்டி முதலில் வந்தது, அதன் பின்னால் நுன்சியோ வந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஐஸ் கரையுது, அதான் மேல வந்துட்டேன். நான் இவனோட அப்பா."

கிஸ்லாந்தி கட்டுரையைப் பார்த்தார். வந்தவரைப் பார்த்தார். "நீங்க மாரடைப்புல இறந்துட்டதா உங்க பையன் எழுதியிருக்காரே."

நுன்சியோ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கெட்டது விலக, சட்டைப்பைக்குள் கைவிட்டு வேன் சாவியின் இரும்பை இறுக்கிப் பிடித்தார்.

"மாரடைப்பா? எங்க பரம்பரையிலயே கிடையாதே. சர்க்கரைன்னாலும் நம்பலாம். எதுக்குடா என்னைக் கொன்ன?"

"மார்க்குக்காகப்பா" என்றான் சபினோ. எதிரே இருந்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அப்பா முகத்தைச் சுத்தமாகப் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பதினெட்டா? அம்மா, அதுல பாதி என் மார்க்கு. நான்தான் வாசல்ல வேனை வச்சுக்கிட்டு ஆரன் அடிச்சுக்கிட்டே நிப்பேன். குடுக்கறதை வாங்கிட்டு ஓடியாடா, பால் திரிஞ்சுரும்னு கத்துவேன். மூணு மணிக்கு எந்திரிச்ச பய, கையெல்லாம் வெந்து போயிருக்கும், அந்தக் கையோட போய் உக்காருவான்." அவர் மகன் பக்கம் திரும்பினார். குரல் உடைந்தது. "என்னைக் கொன்னதைக்கூட விடுடா. பாலைப் பத்தி ஒரு வரி எழுதலையேடா."

கிஸ்லாந்தி பென்சிலைக் கீழே வைத்தார். "இவர் சொன்னதை நீங்க எழுதியிருந்தா இன்னைக்கே சேர்த்திருப்பேன். பொய் எழுதினவரைச் சேர்க்க முடியாது." பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். இழுப்பறையிலிருந்து வழவழப்பான தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "சனிக்கிழமைப் படிப்பு ஒண்ணு இருக்கு. ஆறு வாரம், இதே கட்டடம். பரீட்சை கிடையாது. இதே முத்திரை போட்ட சான்றிதழ் உண்டு. கையெழுத்துப் போட்டா இடம் உங்களுக்கு."

சபினோவுக்குப் புரிந்தது. இதுவும் பதினெட்டுதான், வழவழப்பான தாளில் அச்சடித்த பதினெட்டு. ஆனால் கை பழகிய கை, தானாகவே பேனாவை எடுத்துவிட்டது.

"வேண்டாம்னு சொல்லு" என்றார் நுன்சியோ.

"அப்பா?"

"செத்தவன் சொல்றேன், கேளுடா. ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லிட்டு எந்திரி. அடுத்த வருஷம் உள்ளதை உள்ளபடி எழுதிக்கிட்டு வா. பாலை நான் பார்த்துக்கறேன்."

பேனா மேஜைக்குத் திரும்ப நேரம் பிடித்தது. "வேண்டாம் மேடம்" என்றான் சபினோ. பழக்கமில்லாத வார்த்தை. "அடுத்த தடவை வர்றேன்."

பேராசிரியை தாளை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். நுன்சியோ குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"இது நாளைக்கே புளிச்சுரும்மா. அடுத்த வருஷம் புதுசா கொண்டாறேன்."