அங்கம்மா ஊதிய குழாய்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, என்னிடம் கேட்டு வாங்கியது. ராயபுரத்தில் டாக்டர் ஃப்ளோராவுக்குப் பாராட்டு விழா. விழா மலருக்கு ஒரு கதை வேண்டும் என்றார்கள். எண்ணூரில் வைத்தியம் பார்த்தவர், நாற்பது வயதுக்கு மேல் இமயமலை ஏறி, உயரத்தில் மனித மூச்சு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர். அவருடைய கிளினிக்கில் நான்கு வருடம் எழுத்து வேலை பார்த்தவன் நான். அதனால் என்னைப் பிடித்தார்கள்.

2

முதல் தொடக்கம்: 'பதினெட்டாயிரம் அடி உயரத்தில், பனிக்கு நடுவே, டாக்டர் ஃப்ளோரா தன் மூச்சை எண்ணிக்கொண்டு...'

அடித்துவிட்டேன். பேசின் பிரிட்ஜ் பாலத்தைத் தவிர வேறு உயரம் நான் ஏறியதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'ஏழைகளின் மூச்சை அறிந்த அவர்...'

அறிந்தவர்தான். சங்கடமே அங்கேதான்.

3

காத்திவாக்கத்தில் அங்கம்மா. கழிமுகத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பவள். (அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீர். இதை மலரில் போட மாட்டார்கள்.) வெள்ளிக்கிழமைதோறும் கிளினிக்குக்கு வந்து, மூச்சை அளக்கும் கருவியில் அட்டைக்குழாய் செருகி ஊதுவாள். டாக்டர் அளவைச் சொல்வார், நான் எழுதுவேன். அவ்வளவுதான். ஆனால் ஊதுவதே வைத்தியம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஊதினப்புறம் நெஞ்சு லேசா கீது டாக்டரம்மா," என்பாள்.

அப்படிச் சொன்ன ஒரு வெள்ளிக்கிழமை அளவு 240. அதற்கு முந்தைய வருடம் 310. மூச்சு குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் கேட்டேன். "மேடம், அங்கம்மா ஊதுறதுதான் மருந்துன்னு நெனச்சுகினு கீது. சொல்லிடட்டுமா?"

"சொன்னா மருந்து கேப்பா. மருந்து ஆரம்பிச்சா அளவு மாறிடும் தௌசீஃப். இன்னும் ஒரு வருஷம்தான். மலையில எடுக்கப்போற அளவோட ஒப்பிடணும்."

நானும் அங்கம்மாவிடம் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் டாக்டரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். வரவில்லை. வெள்ளத்தில் சடையங்குப்பத்துக்குப் படகில் போய் மருந்து கொடுத்தவர் அவர். அதுவும் உண்மைதான். ஆத்திரமாக வருகிறது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.]

4

கிளினிக்கை மூடிவிட்டு அவர் மலைக்குப் போனார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. பதினெட்டாயிரம் அடி ஏறியவர்கள் திணறுவதைப் போலவே கடல் மட்டத்தில் சில பெண்கள் திணறுகிறார்கள் என்று அதில் நிரூபித்திருந்தார். அங்கம்மா அதில் முப்பத்தோராம் எண்.

கதைக்காகப் போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். நாலு அடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றாள். உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய அட்டைக்குழாயை எடுத்தாள். கருவி இல்லை, வெறும் குழாய்.

"வெள்ளிக்கெயம ஆனா ஊதிட்றேன் நைனா, ஒரு வாரம் வுட்டதில்ல. இப்போ முன்ன மாறி கேக்கல. கொழா பழசாயிட்சி போல. டாக்டரம்மா கைல சொல்லி புச்சா ஒண்ணு வாங்கினு வரியா?"

5

முடிவு அ: நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் காறித் துப்புகிறாள்.

முடிவு ஆ: விழா மேடையில் டாக்டர் அழுது மன்னிப்புக் கேட்கிறார். (அச்சில் நன்றாக இருக்கும்.)

முடிவு இ: நான் புதுக் குழாய் வாங்கிக் கொடுக்கிறேன்.

நடந்தது இ.

வாங்கிக்கொண்டு என் தலையில் கைவைத்து வாழ்த்தினாள். இதை நான் எப்படி முடிப்பது? காத்திவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் அவள் வீட்டைக் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போங்கள். நான் இத்தனை வருடமாகச் சொல்லாததை நீங்கள் சொல்லிவிட்டு வாருங்கள்.