பச்சைக் கதவு சூப் கடை

பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அத்துப்படி. எந்தக் கடையில் ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும், எங்கே முட்டையைப் பாலோடு அடித்து நுரைக்க நுரைக்கப் பொரிப்பார்கள், யார் மீனை முள் எடுத்துவிட்டே தட்டில் வைப்பார்கள், எந்தத் தெருமுனைப் பழக்கடையில் ஐஸ் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் பழத்திலேயே கை வைப்பார்கள் என்று வாய் ஓயாமல் சொல்வாள். ஆனால் அந்தக் கடைகளில் ஒன்றில்கூட அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தது கிடையாது.

எல்லாம் காதால் சாப்பிட்டது. பல் பிடுங்கக் காத்திருப்பவர்களுக்கு, ஏனோ, பேச்சு சாப்பாட்டைச் சுற்றியே வரும். "தூக்குல போடறதுக்கு முன்னாடி கடைசி ஆசை கேப்பாங்களாமே, அந்த மாதிரி" என்பாள் டாக்டரம்மா. உள்ளே எந்திரம் கொய்ங் என்று சத்தம் போட, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தாடையைத் தடவிக்கொண்டே தனக்குப் பிடித்த கடையைப் பற்றி முன்மேசை அக்காவிடம் கொட்டித் தீர்ப்பார். அவள் அதை அப்படியே அடுத்தவருக்குச் சொல்வாள். டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்ததும், "சரி, இப்ப என்ன சாப்பிடறது, எங்க சாப்பிடறது?" என்று எல்லோரும் நேராக இவள் மேசைக்குத்தான் வருவார்கள்.

அவள் வெளியே சாப்பிடாததற்குக் காரணம் அவள் கணவர். தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. வேளைக்குச் சாப்பிடாமல் அலைந்து அலைந்து வயிற்றில் புண் வந்துவிட்டது. "வெளிச் சாப்பாட்டை மோந்துகூடப் பாக்கக் கூடாது" என்று வைத்தியர் சொல்லிப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் சாப்பிடாததைத் தான் மட்டும் சாப்பிடுவதாவது என்று இவளும் நிறுத்திக்கொண்டாள். தினமும் காலையில் ஒரே அளவில் இரண்டு டிபன் டப்பா. காரமில்லாமல், எண்ணெய் இல்லாமல், அவித்த காயும் குழைந்த சோறும். அவர் மாலையில் டப்பாவைக் கழுவியே கொண்டுவந்து கொடுப்பார். அவ்வளவு நல்ல மனிதர்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குமேல் மருத்துவமனை மெல்ல அடங்கும். டாக்டரம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளிகள் படுக்கும் அந்தச் சாய்வு நாற்காலியிலேயே படுத்துவிடுவாள். மீன் தொட்டியில் குமிழ் விடும் சத்தம் மட்டும் கேட்கும். ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்து, ஆமை வேகத்தில் பெஞ்சை நோக்கி நகரும். கிராம்பு எண்ணெய் வாசனை எங்கும் மிதக்கும். அந்த நேரத்தில் உள்ளங்கையில் முகவாயை வைத்தால் போதும், அக்காவுக்குக் கண் சொருகிவிடும்.

அப்படி ஒரு மத்தியானம் அவள் ஒரு கனவு கண்டாள்.

தபால் ஆபீஸுக்குப் பின்னால் உள்ள தெருவில் நடக்கிறாள். காலடிச் சத்தமே கேட்கவில்லை. தெருவின் நடுவில் பாதி திறந்த ஒரு பச்சைக் கதவு. உள்ளே மூன்றே மேசை. ஒவ்வொரு மேசையிலும் கண்ணாடிக் குவளையில் ஒரு இலைக்கொத்து. முகம் தெரியாத யாரோ பெரிய பாத்திரத்திலிருந்து மஞ்சள் மஞ்சேர் என்று பூசணிக்காய் சூப்பை மொண்டு ஊற்றுகிறார்கள். ஆவி எழும்பி ஜன்னல் வெளிச்சத்தில் கலைகிறது. அவள் கரண்டியை எடுத்து வாயருகே கொண்டுபோகிறாள்.

"ம்ம். ம்ம்!"

விழித்துப் பார்த்தால், மேசைக்கு முன்னால் ஒரு டீச்சர். மதியத்துக்கு முன்புதான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. ரத்தம் நிற்கட்டும் என்று பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் புசுபுசுவென்று வீங்கி, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, விரல்களைக் குவித்து வாயருகே காட்டி, அப்புறம் கையை விரித்தாள். சாப்பிட எங்கே போவது என்று கேள்வி.

கனவு இன்னும் இமையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னாள்: "தபால் ஆபீஸ் பின்னால தெரு இருக்குல்ல, அதுல நடுவுல ஒரு பச்சைக் கதவு. மூணே மேசைதான். பூசணிக்காய் சூப் கேளுங்க. மெல்லவே வேண்டாம், தானா இறங்கும்."

டீச்சர் கும்பிடாத குறையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். மேசையில் இருந்த தண்ணீரை இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. அடிப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தோம்? எழுந்து வாசலுக்கு ஓடினாள். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வலியோடு வந்த பெண்ணை இல்லாத கடைக்கு அனுப்பிவிட்டோமே. தையல் பிரிக்க வரும்போது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடக் கோத்து வைத்திருந்தாள். ஆனால் டீச்சர் உள்ளே நுழையும்போதே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, என்ன சூப்! என்ன சூப்! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

"சர்க்கரையா? இந்த வாசல்ல நின்னுக்கிட்டா?" என்று உள்ளிருந்து டாக்டரம்மா குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் உள்ளே போனாள். திரும்பி வரும்போது மறுபடியும் வாயில் பஞ்சு. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா திகைத்து உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் கடை இருக்கிறது. யாரோ எப்போதோ சொன்னது காதில் விழுந்து, மறந்து, கனவில் வந்திருக்க வேண்டும். வேறென்ன? இப்படித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, அடுத்து வந்த லாரி டிரைவருக்கும் அதையே சொன்னாள். அவருக்கு அடுத்து வந்த வங்கிக் காவலாளிக்கும் சொன்னாள். நாலு மாதத்தில் எத்தனையோ வீங்கிய கன்னங்கள் அந்தத் தெருவுக்குப் போய் வந்தன. திரும்பி வந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்கள். கனவின் வழியாகத் தெருத் தெருவாக ஒரு மெல்லிய நூல் ஓடிக்கொண்டிருப்பதுபோல அவளுக்குத் தோன்றும். அதை இழுத்துப் பார்க்க மட்டும் பயமாக இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது கணவரிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

"தபால் ஆபீஸ் பின்தெருவா? ஏழு வருஷம் அங்க நான்தாம்மா மீட்டர் பாத்தேன். ஒரு தையல் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ரெண்டு குடோன். சூப்பாவது, கடையாவது."

"போன வருஷம்தானே உங்கள வேற பக்கம் மாத்தினாங்க. அதுக்கப்புறம் வந்திருக்கும்."

"வந்திருக்கலாம்" என்றார் அவர், நம்பாத குரலில்.

"போய்த்தான் பாத்துடலாமே, ஏங்க?"

அடுத்த விடுமுறை நாள் இருவரும் கிளம்பினார்கள். பகல் பதினோரு மணி. தபால் ஆபீஸைச் சுற்றித் திரும்பியதும் தெரு அப்படியே கனவில் பார்த்ததுபோல அமைதியாகக் கிடந்தது. ஒரு குடோன் வாசலில் பூனை ஒன்று வெயிலுக்கு வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. தையல் கடையிலிருந்து எந்திரம் ஓடும் சத்தம், தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல. அக்கா கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவின் நடுவில் ஒரு பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது.

"அட!" என்றார் அவர். "இது ஜெராக்ஸ் கடைதான். கதவு நீலமா இல்ல இருந்துச்சு!"

கிட்டே போய்ப் பார்த்தால், கீல் ஓரத்தில் பழைய நீலம் எட்டிப் பார்த்தது. பச்சை பூசிய தூரிகைத் தடம்கூட இன்னும் மறையவில்லை. உள்ளே ஒரு மூலையில் ஜெராக்ஸ் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் ஒவ்வொரு தாளுக்கும் சுவரில் ஒரு தடவை நீந்திப் போயிற்று. மற்ற இடத்தில் மூன்று மேசைகள். ஒவ்வொன்றிலும் குவளையில் இலைக்கொத்து.

நடுத்தர வயதில் ஒரு அம்மாள், கையில் தாள்கட்டோடு திரும்பி, முதலில் இருவர் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குமே வீக்கம் இல்லையே. ஜெராக்ஸா, சூப்பா?"

"சூப்பு" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஜெராக்ஸ்காரம்மா இரண்டு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வாய் தொறந்து பேசற ஆளுங்க இந்த மேசைல உக்காந்ததே இல்லீங்க. நான் கடை வைக்கணும்னு நெனச்சதே இல்ல. ஒருநாள் என் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் சூப் வச்சிருந்தேன். ஒரு பொண்ணு வந்து நிக்கிது. கன்னம் இம்மாம் பெருசு. பேச முடியல. அங்க கெடந்த வீணாப்போன தாள்ல எழுதிக் காட்டுது, 'பச்சைக் கதவு சூப் கடை இதுதானா?'ன்னு. இல்லம்மான்னு சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண்ணப் பாத்ததும் மனசு வரல. உள்ள உக்கார வச்சு, என் கிண்ணத்தையே நீட்டிட்டேன்."

"அப்புறம்?" என்றார் கணவர்.

"அப்புறம் என்ன, அடுத்த வாரம் ஒரு லாரிக்காரர். மலை மாதிரி ஆளு, கண்ணுல தண்ணி. அவரும் அதே கேள்வியை எழுதறாரு. எத்தனை பேருக்கு இல்லன்னு சொல்றது? மூணு மேசைன்னு ஒருத்தர் எழுதிக் காட்டினாரு, மேசை வாங்கிப் போட்டேன். பச்சைக் கதவத் தேடித் தேடி எல்லாரும் தெருவுல முன்னும் பின்னும் அலையறாங்க, சரின்னு ஒரு டப்பா பெயிண்டு வாங்கி அடிச்சுட்டேன். யாரு அனுப்பறாங்கன்னு கேட்டா, சூப்ப விட்டுட்டு எழுத மனசில்லாம, ம்ம் ம்ம்னு எங்கயோ கையக் காட்டறாங்க. அது எந்தப் புண்ணியவதியோ தெரியல. முன்னெல்லாம் பகல் முழுக்க மெஷினோட பேசிக்கிட்டிருப்பேன். இப்ப பேச முடியாதவங்களோட பேசறேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அனுப்பினது நான்தான். பல் ஆஸ்பத்திரி முன்மேசைல இருக்கேன். இப்படி ஒரு கடை இருக்குன்னு தெரிஞ்சு அனுப்பல. கனவுல பாத்தேன். தூக்கக் கலக்கத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன். வலியோட வந்தவங்கள இல்லாத கடைக்கு அனுப்பிட்டேன்."

ஜெராக்ஸ்காரம்மா அவளை இமைக்காமல் பார்த்தாள். எந்திரம் தன் கடைசித் தாளைத் துப்பிவிட்டு நின்றது.

"இல்லாத கடைன்னு எங்கிட்டயே சொல்றீங்களே" என்றாள். பிறகு மேசைமேல் குனிந்து, ரகசியம் கேட்பதுபோல, "கனவுல உப்பு சரியா இருந்துச்சா?"

"தெரியலம்மா. வாயில வைக்கிறதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சு."

"அப்ப இப்ப வைங்க."

அக்கா வைத்தாள். பதினோரு வருடத்தில் இன்னொருத்தர் கையால் சமைத்த முதல் வாய். இனிப்பாகத் தொடங்கி, தொண்டையில் ஒரு சிட்டிகை மிளகு சுருக்கென்றது. காது மடல்வரை சூடு ஏறி, தோள் தானாக இறங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்தபோது கணவரின் கிண்ணம் காலி.

"மெதுவாங்க! மிளகு போட்டிருக்கு, வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது" என்றார் அவர், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு.

ஜெராக்ஸ்காரம்மா பெருமூச்சு விட்டாள். "நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு என் சூப்பு அலுத்துப்போச்சும்மா. பூசணிக்காயப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. ஊருக்கெல்லாம் கடை சொல்றீங்களே, எனக்கு ஒரு நல்ல கடை சொல்லுங்க. எனக்குப் பல்லெல்லாம் இருக்கு, நல்லாக் கடிச்சுத் திங்கற மாதிரி."

அக்காவுக்குத் தெரிந்த கடைகள் எல்லாம் வாய்வரை வந்து நின்றன. உண்மையைச் சொன்ன நாக்கு, அடுத்தவர் சொல்லிக் கேட்ட கதையை மறுபடியும் சொல்ல மறுத்தது. "நான் எங்கயும் சாப்பிட்டதே இல்லம்மா" என்றாள்.

கணவர் தொண்டையைச் செருமினார்.

"பஸ் டிப்போ பின்பக்கம் ஒரு ரொட்டிக் கடை இருக்கு. அடுப்புல சுட்டு, மேல வெண்ணெய் தடவி, பூண்டு வறுத்துத் தூவுவாங்க. ஓரம் மொறுமொறுன்னு இருக்கும். நடுவுல பிச்சா ஆவி வரும். சாஞ்ச தூணு ஒண்ணு இருக்கும், அதுக்குப் பக்கத்து மேசைல உக்காந்தா காத்து நல்லா வரும். ஆனா பன்னண்டரைக்குள்ள போயிடணும்."

சொல்லி முடித்ததும்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே புரிந்தது. அக்கா மெல்லத் திரும்பினாள்.

"ஏங்க. பன்னண்டரைக்குள்ளன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் காது சிவந்தது. "மூணு வருஷம் முன்னாடியே புண் ஆறிடுச்சும்மா. வைத்தியர் எல்லாம் சாப்பிடலாம்னு சொல்லிட்டாரு. நீ எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அவிச்சுக் குடுக்கற. எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"அப்ப என் டப்பா?"

"மீட்டர் பாக்கற தெருவுல ரெண்டு நாய் இருக்கு. ரொம்ப நல்ல நாய்ங்க."

ஜெராக்ஸ்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அக்காவுக்குக் கோபம் வந்தது. பாதி வழி வந்து, எங்கே போவதென்று தெரியாமல் நின்று, சிரிப்பாகிவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

"மணி என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"பன்னண்டாகப் போகுது."

"எந்திரிங்க."

ஜெராக்ஸ்காரம்மா கதவைச் சாத்திப் பூட்டினாள். மூன்று பேரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். கணவர் முன்னால் போனார். அந்தச் சந்தில் நுழைந்து இந்தச் சந்தில் வெளிவந்து, யாருக்கும் தெரியாத குறுக்கு வழியெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பழக்கடைக்காரர் கையை உயர்த்தினார். மீன் வறுப்பவள், "என்ன சார், லீவு நாள்லகூடவா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். அக்கா ஒவ்வொரு கடையையும் நின்று பார்த்தாள். காதால் மட்டும் தெரிந்திருந்த கடைகள், பலகையும் புகையும் மனிதர்களுமாக, ஒவ்வொன்றாக எதிரே வந்தன. சிலது அவள் நினைத்ததைவிடச் சின்னது. சிலதுக்கு அவள் கேள்விப்படாத வாசனை இருந்தது.

ரொட்டிக் கடையில் நுழைந்ததும் அடுப்படியிலிருந்து ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே, "வழக்கமானதுதானே, சார்?" என்றார்.

"இல்ல" என்றாள் அக்கா, கணவருக்கு முன்னால் போய் தூண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "மூணு பேருக்குப் போடுங்க. எனக்கு மட்டும் பூண்டு கொஞ்சம் தூக்கலா."